எஸ்பிகேஏசி (SPKAC, சான்றிதழ் கேட்க அனுப்பும் கையொப்பமிட்ட பொதுச் சாவி) வந்தால் சர்வரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு நோட் ஜேஎஸ்ஸில் போர்ட்டல் எழுதுகிறீர்கள், பழம் அனுப்பும் மண்டிக்காரர்கள் பாஸ்வேர்டு இல்லாமல் சான்றிதழை வைத்தே லாகின் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகத் தொடங்குவதானால் சிஎஸ்ஆர் (வழக்கமான சான்றிதழ் கோரிக்கை) பக்கம் போய்விடுங்கள்; பிரவுசரில் எஸ்பிகேஏசி உருவாக்கித் தந்த கீஜென் என்ற ஹெச்டிஎம்எல் டேக்கை குரோம் 2017-லும் ஃபயர்பாக்ஸ் 2019-லும் தூக்கிவிட்டன. பழைய சிஸ்டத்திலிருந்து இன்னும் எஸ்பிகேஏசிதான் வருகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எஸ்பிகேஏசிக்குள் இருப்பது பொதுச் சாவி, சேலஞ்ச் என்ற ஒரு சரம், இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட கையொப்பம், அவ்வளவுதான். பெயர், ஊர் எதுவும் கிடையாது.

நோட்டின் கிரிப்டோ மாட்யூலில் உள்ள சர்டிஃபிகேட் கிளாஸில் வெரிஃபை எஸ்பிகேஏசி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது ட்ரூ என்று சொன்னால், இதை உருவாக்கியவரிடம் ஜோடித் தனிச் சாவி இருந்தது என்று மட்டுமே அர்த்தம். யார் அனுப்பினார், எப்போது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. காவேரிப்பட்டினம் மண்டிக்காரர் மே மாதம் அனுப்பியதை வேறொருவர் பிடித்து வைத்து ஜூலையில் தன் கணக்கிலிருந்து அனுப்பினாலும் ட்ரூதான் வரும், நீங்களும் ஒருவருடைய சாவிக்கு இன்னொருவர் பெயரில் சான்றிதழ் கொடுத்துவிடுவீர்கள்.

இதைத் தடுப்பது சேலஞ்ச்தான், அதை நோட் உங்களுக்காகச் சரிபார்க்காது. ஒவ்வொரு செஷனுக்கும் ரேண்டம் பைட்ஸில் 32 பைட் எடுத்து, ஹெக்ஸ் ஆக்கி, சேலஞ்சாக அனுப்புபவருக்குக் கொடுத்து, செஷனிலும் வையுங்கள். வந்ததிலிருந்து சேலஞ்சை எடுக்கும் எக்ஸ்போர்ட் சேலஞ்ச் ஃபங்ஷன் திருப்பித் தருவது பஃபர் (பைட்டுகளின் தொகுப்பு), சரம் இல்லை, அதனால் மூன்று சமக்குறி போட்டு நேராக ஒப்பிட்டால் எப்போதும் ஃபால்ஸ்தான். ஒப்பிட உதவும் டைமிங் சேஃப் ஈக்வல் ஃபங்ஷனுக்கு இரண்டையும் பஃபராகக் கொடுங்கள். நீளம் மாறினால் எரர் வீசும், எனவே முதலில் நீளத்தைப் பாருங்கள். பொருந்தியதோ இல்லையோ, அந்தச் சேலஞ்சை உடனே அழித்துவிட வேண்டும்.

அப்புறம், எக்ஸ்போர்ட் பப்ளிக் கீ தரும் சாவி ஆர்எஸ்ஏ என்றால் 2048 பிட்டுக்குக் குறைவாக இருந்தால் மறுத்துவிடுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இன் எஸ்பிகேஏசி கமாண்டில் உருவாக்குபவர்களிடம் டைஜஸ்டாக (கையொப்பத்துக்கான ஹாஷ் முறை) ஷா256 கொடுக்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அது பலவீனமான எம்டி5-இல் கையொப்பமிடும்.

சான்றிதழை நோட் வழங்காது, ஓப்பன்எஸ்எஸ்எல் சிஏ கமாண்டுதான் வழங்கும். அது படிக்கும் ஃபைலில் எஸ்பிகேஏசி ஒரு வரி, சிஎன் (சான்றிதழில் வரும் பெயர்) அடுத்த வரி. வந்த சரத்தை அப்படியே எழுதினால், நடுவில் ஒரு புதுவரி போட்டுத் தனக்கு வேண்டிய சிஎன்னையும் ஒருவர் நுழைக்கப் பார்க்கலாம். ஆகவே முதல் வேலையாக வரிமுறிவுகளை நீக்கி, பேஸ்64 எழுத்துகள் தவிர வேறு ஏதாவது இருந்தால் தள்ளிவிடுங்கள். சிஎன்னில் போகும் பெயரை உங்கள் டேட்டாபேஸிலிருந்து மட்டும் எடுங்கள்.