குறைமாதக் குழந்தை வீடு வந்தபின்: முப்பது கழியும் முன் செய்ய வேண்டியவை

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கியதும் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே நான்கு விவரங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, எத்தனை நாள் ஆக்சிஜன் வைத்தார்கள், கண் பரிசோதனை எந்தத் தேதி. முதல் மூன்றும் பெரும்பாலும் இருக்கும். நான்காவது விடுபட்டிருந்தால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறந்த எடை 2 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ, விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். டாக்டர்கள் இதை ஆர்.ஓ.பி. பரிசோதனை என்பார்கள். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கண்ணின் பின்புறத்தில் தொடங்கி ஓரம்வரை வளர்ந்து முடிய, கர்ப்பத்தின் கடைசி வாரங்கள் வரை ஆகும். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. பிறகு குழாய்கள் தாறுமாறாக முளைத்து விழித்திரையை இழுக்கலாம். முற்றினால் அது பிய்ந்து பார்வை போய்விடும். ஆக்சிஜன் கூடிக் குறைந்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். இத்தனை நடக்கும்போதும் வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாகத் தெரியும்வரை காத்திருந்தால், சிகிச்சைக்கான காலம் அநேகமாகத் தாண்டியிருக்கும்.

முதல் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள் முடிய வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ, எடை 1,200 கிராமுக்குக் கீழ் இருந்தாலோ, இரண்டு முதல் மூன்று வாரத்துக்குள். நாளைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், வீடு வந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். ஜூன் 3-ல் பிறந்து ஜூன் 24-ல் வீடு வந்த குழந்தைக்கு மிச்சம் இருப்பது ஒன்பதே நாள்.

இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே நிற்கிறது. 'முப்பது கழியாமல் பிள்ளையை வெளியே தூக்கக் கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அதே நாட்களில்தான் இந்தப் பரிசோதனையும் வருகிறது. தீட்டுக் கழித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளினால் நாற்பது, ஐம்பது நாள் ஆகிவிடும். டிஸ்சார்ஜ் அன்றைக்கே பாட்டியையும் டாக்டர் முன் உட்காரவைத்து, கண் பரிசோதனைத் தேதியை டாக்டர் வாயாலேயே சொல்லவைப்பது நல்லது. வீட்டில் நடக்கும் பாதி வாக்குவாதம் அதோடு தீர்ந்துவிடும்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் கடைசிப் பாலை ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வயிறு நிறைய இருந்தால் கக்கிப் புரையேறும். கண்ணின் கருமணி விரிய இரண்டு மூன்று முறை சொட்டு மருந்து விடுவார்கள். அதற்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பிறகு மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமையைச் சின்னக் கம்பியால் விலக்கிப் பார்ப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும், இமை கொஞ்சம் வீங்கும், பயப்பட வேண்டாம். தொப்பி, காலுறை, கூடுதல் துணி கையில் இருக்கட்டும்; காத்திருக்கும் இடத்தில் ஏசி ஓடும்.

'முதல் தடவை பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை என்றார்கள்' என்று நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. 'இன்றைக்கு இல்லை' என்பது மட்டுமே அதற்குப் பொருள். குழாய்கள் ஓரம்வரை வளர்ந்துவிட்டன என்று டாக்டர் எழுதித் தரும்வரை, ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். சிகிச்சை தேவை என்றால் லேசரோ ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும்; 'அடுத்த வாரம் பிள்ளையின் அப்பா வந்ததும் வருகிறோம்' என்பதற்கு இடமில்லை. உங்கள் மாவட்டத்தில் எங்கே பார்க்கிறார்கள் என்பதைப் பச்சிளங்குழந்தைப் பிரிவிலேயே சொல்வார்கள். சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மதுரையில் அரவிந்த் போன்ற இடங்கள் இருக்கின்றன.

காதையும் இதோடு முடித்துவிடலாம். பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவில் இருந்த குழந்தைக்குக் காதில் சின்னக் குழல் வைத்துப் பார்க்கும் ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது, செவி நரம்பில் உள்ள கோளாறு அதில் தப்பிவிடும். அந்த நரம்பையும் சோதிக்கும் 'பெரா' பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு தெரிந்து, குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்தினால் பேச்சு பெரிதாகப் பின்தங்காது.

அடுத்தது முகவரி. கர்ப்பத்தைப் பதிந்தது மாமியார் ஊரில், பிள்ளையோடு இருப்பது அம்மா வீட்டில். கிராம சுகாதார செவிலியர் பட்டியலில் உங்கள் பெயர் அங்கே இருக்கும், இங்கே இருக்காது. அதனால் யாரும் வீடு தேடி வர மாட்டார்கள். வந்த மறுநாளே அம்மா ஊர் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த 12 இலக்க பிக்மி எண்ணைக் கொடுத்து, 'குறைமாதம், சிறப்புப் பிரிவில் இருந்தது' என்று சொல்லுங்கள். நகரமென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்ல வேண்டும். செவிலியர் வரும்போது ஒவ்வொரு முறையும் அதே தராசில் எடை பார்த்துத் தரச் சொல்லுங்கள். தராசு மாறினால் ஐம்பது, நூறு கிராம் வித்தியாசம் காட்டி வீண் கவலை வரும்.

எடை எவ்வளவு ஏற வேண்டும்? இந்தக் கட்டத்தில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம். 1,600 கிராம் குழந்தை என்றால் நாளுக்கு 24 கிராம், வாரத்துக்கு 170 கிராம் அளவில். பால் கிலோவுக்கு 150 மில்லி என்று டாக்டர் எழுதியிருந்தால், அதே குழந்தைக்கு ஒரு நாளைக்கு 240 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் தடவைக்கு 20 மில்லி. ராத்திரியில் தூங்குகிறதே என்று விடாதீர்கள். இந்தக் குழந்தைகள் பசித்தாலும் அழாமல் தூங்கிவிடும், சர்க்கரை இறங்கிவிடும்.

நேரடியாக உறிஞ்சச் சக்தியில்லை என்றால் பாலைப் பீய்ச்சி எடுத்து, சங்கு அல்லது பாலாடையில் கொடுங்கள். குழந்தையைத் துணியில் சுற்றி, தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்குமாறு பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் வையுங்கள். சங்கின் மூக்கு வாயின் ஓரத்தில் படட்டும். கொஞ்சமாகச் சாய்த்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். படுக்கவைத்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும். பீய்ச்சிய பால், மூடிய பாத்திரத்தில் நம் ஊர்ச் சூட்டில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புட்டி வேண்டாம், நிப்பிளைச் சுத்தமாகக் கழுவுவது நடக்கிற காரியமில்லை.

சொட்டு மருந்தில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அடிக்கடி நடப்பது. வைட்டமின் டி நாளைக்கு 400 யூனிட் என்று எழுதியிருப்பார்கள். ஒரு புட்டியில் 1 மில்லியில் 400 யூனிட் இருக்கும், வேறு கம்பெனிப் புட்டியில் 1 மில்லியில் 800. மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தால் லேபிளைப் பார்த்து, அளவைத் திரும்பக் கேளுங்கள். ஒரு புட்டியின் ஃபில்லரை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். இரும்புச்சத்துச் சொட்டுக்கும் இதே எச்சரிக்கை.

சூடு காப்பதற்குக் கங்காரு முறையை மிஞ்சியது இல்லை. தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும் போட்டு, அம்மாவின் மார்புகளுக்கு நடுவே நிமிர்த்திவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்கள் தவளைபோல் மடிந்திருக்கச் சேலையால் கட்டுங்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம், நாளைக்கு எட்டு மணி நேரமாவது. அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். வயிறு வெதுவெதுப்பாக, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தொடங்கிவிட்டது, உடனே மார்போடு அணையுங்கள். இரண்டரைக் கிலோ வரும்வரை குளிப்பாட்டாமல் வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகை, மூக்கிலும் காதிலும் எண்ணெய், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் வேண்டாம்.

பால் குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், தட்டினால் மட்டுமே அசைந்தால், மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினால் 108-ஐ அழையுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அமைதியாக இருக்கும்போது 60-ஐத் தொட்டு, மறுபடி எண்ணினாலும் குறையவில்லை என்றால் கிளம்ப வேண்டும். காய்ச்சல் 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் அப்படியே, உடம்பு 35.5-க்குக் கீழ் இறங்குவதும் அதே அளவு ஆபத்து. போகும் வழியிலும் குழந்தை மார்போடு இருக்கட்டும். ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, வண்டி எல்லாம் இலவசம்.

பிறகு வருவது மாதக் கணக்கு. தடுப்பூசிக்கு முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழிக்காதீர்கள்: பிறந்த நாளிலிருந்து 6, 10, 14 வாரம், புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில். எடை போதாது என்று பி.சி.ஜி. தள்ளிவைத்திருந்தால் அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். வளர்ச்சிக்கு மட்டும் கழியுங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தை ஐந்து மாதத்தில் மூன்று மாதக் குழந்தையாகவே பார்க்கப்பட வேண்டும். அப்படிக் கழித்த கணக்கிலும் நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டு சிகிச்சை தரும், அரசு மருத்துவமனையில் உள்ள டி.இ.ஐ.சி. மையத்துக்கு நேரே போங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சீட்டும் தாய்சேய் அட்டையும் கூடவே போகட்டும். சீட்டுக்கு இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள், போனில் படமும் பிடித்துவையுங்கள். அட்டையை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள். அதில் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.