அரசுப் பள்ளியில் உங்கள் பேச்சு எடுபட வேண்டுமா? தீர்மான நோட்டைப் பிடியுங்கள்

கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, கணக்கு வாத்தியார் மாறிப் போனதிலிருந்து ஆளே போடவில்லை என்று பள்ளி வாசலில் நின்று புலம்பாத பெற்றோர் குறைவு. அதையே பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து உட்காரும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டில் தீர்மானமாக எழுத வைத்தால் கதை வேறு. இந்தக் குழுவைத் தலைமையாசிரியர் மனசு வைத்துக் கூட்டுகிற கூட்டம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 21 சொல்லித்தான் அந்தக் குழுவே இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் தலைவர் பதவி மாணவரின் அம்மா ஒருவருக்குத்தான்.

முதலில் உங்கள் பள்ளியில் யார் யார் உறுப்பினர் என்று விசாரியுங்கள். நீங்கள் உறுப்பினர் இல்லையா, பரவாயில்லை. உங்கள் பிள்ளையின் வகுப்பிலிருந்தோ உங்கள் தெருவிலிருந்தோ குழுவில் இருக்கும் ஒரு அம்மாவைப் பிடித்து, விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே. வாயால் சொன்னது கூட்டத்தில் டீ வருவதற்குள் மறந்துபோகும்.

எழுதும் விதத்தில்தான் பாதி வெற்றி. "கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதினால் அதை வாங்கிக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் மாட்டார்கள். "மாணவியர் கழிப்பறை நான்கில் இரண்டில் குழாய் உடைந்துள்ளது, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, மோட்டாரைப் பழுதுபார்க்க ஊராட்சிக்குக் கடிதம் அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது, பொறுப்பு: தலைமையாசிரியர், அடுத்த கூட்டத்துக்குள்" என்று இருக்கட்டும். என்ன, எங்கே, யார், எப்போதைக்குள் என்ற நாலும் இருந்தால்தான் அடுத்த மாதம் போய், "என்னாச்சு சார்?" என்று கேட்க முடியும்.

அப்புறம் கையெழுத்து. பல இடங்களில் தீர்மான நோட்டின் வெற்றுப் பக்கத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிட்டு, "மீதியை நாங்க எழுதிக்கிறோம்மா" என்பார்கள். போடாதீர்கள். சண்டை எதுவும் வேண்டாம். எழுதி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பணக் கணக்கைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. என்னைக் கேட்டால், அந்த வளர்ச்சித் திட்டம்தான் இருப்பதிலேயே முக்கியமான தாள். ஆனால் அது ஆசிரியர் அறையில் எழுதப்பட்டுக் குழுவிடம் வெறும் கையெழுத்துக்காக வருவதுதான் அதிகம். அது எழுதும் சமயத்தில் கூடவே இருங்கள்.

பிள்ளையின் படிப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டுமென்றால் அதே கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு 24 இருக்கிறது. வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோரை அடிக்கடி கூட்டிப் பேசுவது ஆசிரியரின் கடமை என்கிறது அது. அடிப்பதையும் மனம் நோகும்படி திட்டுவதையும் தடை செய்வது பிரிவு 17. அப்படி நடந்தால் கூட்டம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

குழுவில் பேசியும் நடக்கவில்லையா? பிரிவு 32-இன் கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். தீர்மான நகலே தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 30 நாளில் பதில் வந்தாக வேண்டும்.

அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு மட்டும் பிரிவு 21 பொருந்தாது. ஆனால் பிள்ளையை அடிக்கக் கூடாது, சேர்க்கைக்கு நன்கொடை கேட்கக் கூடாது என்பதெல்லாம் அங்கேயும் சட்டம்தான்.