சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கத்தை திருப்பி பாருங்க

வீட்ல பாட்டு, படம், அப்பப்ப சின்ன கூட்டத்துல மைக்ல பேசணும், எல்லாத்துக்கும் ஒரே குட்டி ஸ்டீரியோ ஆம்ப் போதும்னு நினைக்கிறவங்களுக்கு இது. பெட்டி மேல 1000 வாட்ஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், அது பெரும்பாலும் பிஎம்பிஓ கணக்கு, அதாவது கண நேரத்துக்கு மட்டும் வர்ற உச்ச பவர், அதை நம்பாதீங்க. பின்பக்கத்துல ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்கக்கூடிய பவர்) எவ்வளவு, எத்தனை ஓம்ஸ்ல (ஸ்பீக்கரோட மின்தடை அளவு) அப்படின்னு மட்டும் பாருங்க. இன்னொண்ணு, 50 வாட்ஸ்ல இருந்து 100 போனா சத்தம் டபுள் ஆகாது, 3 டெசிபல் தான் கூடும், காதுக்கு லேசா தான் தெரியும். அதனால வாட்ஸ் பின்னாடி ஓடுறதை விட சென்சிடிவிட்டி கூட இருக்கிற, அதாவது அதே வாட்ஸ்ல அதிக சத்தம் தர்ற ஸ்பீக்கரா எடுக்கிறது பெட்டர்.

அடுத்து ஓம்ஸ். ஒரே சேனல்ல ரெண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை பேரலலா மாட்டினா 4 ஓம்ஸ் ஆயிடும், ஆம்ப் குறைஞ்சது 8 ஓம்ஸ்னு சொல்லுதுன்னா சூடாகி கட் ஆகும், இல்ல ஒரேயடியா போயிடும். நான் அப்படி ஒண்ணை பொசுக்கி இருக்கேன், அந்த வாடை இன்னும் மறக்கல!

மைக்குக்கு தனி இன்புட், தனி வால்யூம் நாப் இருக்கணும், ஏன்னா மைக் சிக்னல் ரொம்ப சின்னது, ஆக்ஸ்ல (ஃபோன், டிவி மாட்டுற இன்புட்) சொருகினா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி தான் வரும். ரொம்ப தூரம் வயர் இழுத்து நிறைய ஸ்பீக்கர் போடணும்னா இந்த குட்டி ஆம்ப் சரிப்படாது, 100 வோல்ட் லைன் (தூரத்துக்கு சிக்னலை அதிக வோல்டேஜ்ல அனுப்புற முறை) இருக்கிற ஆம்ப், அதுக்கேத்த டிரான்ஸ்ஃபார்மர் வச்ச ஸ்பீக்கர்னு போயிடுங்க.