சித்திரக்கதைக் கட்டம் ஒன்றைப் பலகையில் பெருப்பிப்பது

மீள்குடியேறி வந்த பிறகு கிளிநொச்சியில் கடைகளுக்கு போட் எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது எல்லோருக்கும் டிஜிற்றல் பிரின்ற் தான். மிஞ்சிய இனாமல் ரின்கள் கொட்டிலுக்குள் கிடக்க, சித்திரக்கதை ஓவியத்தில் கை வைத்தேன். சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி பைத்தியம். இடம்பெயர்ந்தபோது புத்தகங்களை விட்டுவிட்டு வந்தோம். கோடுகள் மட்டும் கைக்குள் இருந்தன.

சித்திரக்கதைக் கட்டத்தைப் பெரிய ஓவியமாக்கும் இந்த வழியில் முதலில் பெரிய பெயர் எடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ரோய் லிக்ரென்ஸ்ரைன். அவருடைய போர்விமானப் படம்தான் அதிகம் பேசப்படுகிறது. விமானம் வெடிக்கும், எழுத்தும் சேர்ந்து வெடிக்கும். கிபிர் போர்விமானச் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்த எனக்கு அதில் ரசிக்க ஒன்றுமில்லை. நான் பாடம் படித்தது 1963 இல் அவர் வரைந்த, தண்ணீரில் மூழ்கும் பெண்ணிடம். அதன் மூலப்படம், ரோனி அப்ருசோ ஒரு காதல் சித்திரக்கதைக்கு வரைந்த கட்டம். அதில் பின்னால் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி காதலனும் இருந்தான். லிக்ரென்ஸ்ரைன் அவனையும் படகையும் வெட்டிவிட்டார். தசை பிடித்தாலும் பரவாயில்லை என்று அவள் நினைப்பதை, வெறுமனே பரவாயில்லை என்று குறைத்தார். ஏன் மூழ்குகிறாள் என்ற கதை போய், அழுகை மட்டும் மிஞ்சியது. கட்டத்தை அப்படியே பெரிதாக்கினால் அது வெறும் பெரிய கட்டம். எதை வெட்டுகிறீர்கள் என்பதில்தான் ஓவியம் இருக்கிறது.

அடுத்தவர் கட்டத்தை எடுக்காதீர்கள். அப்ருசோ போன்றவர்களுக்கு அந்தப் பணத்திலும் புகழிலும் பங்கு கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் சித்திரக்கதைக்காரரிடம் இன்னும் இருக்கிறது, நியாயமானதுதான். உங்கள் ஊரில் இருந்தே ஒரு கட்டம் வரையுங்கள். நான் பக்கத்து வளவுத் தம்பி லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை ஓட்டிவருவதை 6க்கு 8 சென்ரிமீற்றரில் கீறினேன். வயல், மாடு, பெட்டி எல்லாம் இருந்தன. பிறகு கடதாசியில் ஒரு ஓட்டை வெட்டி, அதைப் படத்தின் மேல் நகர்த்திப் பார்த்தேன். முகமும் கைபிடியும் மட்டும் தெரிந்த இடத்தில் நிறுத்தி, மிச்சத்தைக் கைவிட்டுவிட்டு, அதையே மறுபடி 6க்கு 8 இல் கீறினேன்.

பெருப்பிப்பது லேசு. படத்தில் ஒரு சென்ரிமீற்றர்ச் சதுரங்கள், வெள்ளை அடித்த பிளைவூட்டில் பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரங்கள். மொத்தம் 48. சதுரம் சதுரமாகப் பென்சிலால் மாற்றுங்கள். லிக்ரென்ஸ்ரைன் தன் வரைபடத்தைப் புரொஜெக்டரால் கன்வஸில் விழுத்தினார். கரண்ட் போகிற ஊரில் சதுரம்தான் நம்பிக்கை.

இனிப் புள்ளிகள். மலிவு அச்சில் குறைந்த மையில் இளம் நிறம் காட்ட, 1879 இல் பெஞ்சமின் டே என்ற அமெரிக்கர் கொண்டுவந்த உத்தி அது. வெள்ளைக்குள் சிவப்புப் புள்ளிகளைப் பரப்பினால் தூரத்தில் இருந்து தோல் நிறம் தெரியும். லிக்ரென்ஸ்ரைன் 1961 இல், மிக்கி மவுஸ் இருக்கும் படத்துக்கு, நாய் வாருகிற பிரஷ்ஷைப் பெயின்றில் தோய்த்துப் புள்ளி வைத்தார். பிறகுதான் துளையிட்ட தகட்டுக்கு மாறினார்.

எனக்குத் தகடு பழைய எக்ஸ்ரே படம். செருப்புத் தைப்பவரிடம் ஓட்டை போடும் ஆணியை இரவல் வாங்கி, ஆறு மில்லிமீற்றர் துளைகளை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் அடித்தேன். இரண்டாம் வரிசை முதல் வரிசையின் இடைவெளிக்குக் கீழே வர வேண்டும். நேருக்கு நேர் அடித்தால் சல்லடை மாதிரித்தான் இருக்கும். பஞ்சுத் துண்டில் பெயின்றைத் தொட்டு, முதலில் பழைய பேப்பரில் ஒற்றி, பிறகு துளைகளின் மேல் மெல்லக் குத்துங்கள். தேய்க்க வேண்டாம். தகட்டை நகர்த்தும்போது கடைசித் துளை வரிசையை ஏற்கனவே விழுந்த புள்ளிகளின் மேல் பொருத்தினால் ஒட்டு தெரியாது. ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைத் துடையுங்கள்.

பெயின்றில் தின்னர் கலக்கவே கூடாது. முதல் பலகையில் கலந்தேன், புள்ளிகள் ஊறி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. மனைவி எட்டிப் பார்த்து, “இஞ்சேருங்கோ, இந்தப் பெடியனுக்கு அம்மாள் வருத்தம் போல கிடக்கு. வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வையுங்கோ” என்றாள். சுரண்டி எடுக்க ஒரு கிழமை போனது.

புள்ளி காய ஒரு நாள் விடுங்கள், உள்ளேதான். சோளகக் காற்று நேரம் வெளியே வைத்தால் கிரவல் புழுதி எல்லாம் படத்தில். அப்புறம் மஞ்சளும் நீலமும் சிவப்பும் கலக்காமல், நிழல் போடாமல், தட்டையாக. கறுப்புக் கோடு கடைசி. நுனியில் துணிப்பந்து கட்டிய தடியில் கையைத் தாங்கி, ஒரே இழுவையில் இழுங்கள். தயங்கிய கோடு பத்து மடங்கு பெரிதில் பத்து மடங்கு தயங்கும். தலைமயிரை மயிர் மயிராகக் கீறாதீர்கள், மூன்று நான்கு தடித்த வளைவு போதும்.

நம் பக்கத்துச் சித்திரக்கதையில் இருந்து என்ன எடுக்கலாம் என்று பார்க்க, ஓவியர் சித்ரா கணேஷ் 2002 இல் செய்த படத்தொடரைத் தேடிப் பாருங்கள். அமர் சித்ர கதாவின் பாணியை எடுத்து, வசனங்களைத் தலைகீழாக்கியிருப்பார். எங்கள் ஊர்க்கதையே ‘வன்னி’ என்ற பெயரில் 2019 இல் சித்திரக்கதைப் புத்தகமாக வந்தது, பெஞ்சமின் டிக்ஸும் லின்ட்சே பொலொக்கும் செய்தது. அதைப் புரட்டும்போது வசனமில்லாத கட்டங்களில் நின்று பாருங்கள்.

கடைசியாகச் சத்தம். ஆங்கிலச் சத்தத்தைத் தமிழில் எழுதாதீர்கள். ‘டு’வின் அடிச்சுழியைத் தடிப்பாக்கினால் எழுத்தே உருளுவது போல இருக்கும் என்று, முகத்துக்குப் பின்னால் மஞ்சளில் ‘டுகு டுகு டுகு’ என்று எழுதினேன். தம்பி வந்து பார்த்தான். “அண்ணை, முகம் சரி. ஆனா என்ர மெசின் அப்பிடிக் கேக்காது. டங் டங் எண்டுதான் அடிக்கும்” என்றான். அடுத்த நாள் காலை வேலியடியில் நின்று கேட்டேன். அவன் சொன்னதுதான் சரி. அந்த இடத்துக்கு வெள்ளை அடித்துக் காயவிட்டிருக்கிறேன்.