மைக் வாங்குவதற்கு முன்னால்: பழைய கிராண்ட் பியானோவை வீட்டில் பதிவு செய்பவர்களுக்கு

எங்கள் வீட்டு கிராண்ட் பியானோவுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. ஐந்தே முக்கால் அடி நீளம். சென்னையில் 12-க்கு 14 அடி அறை; அதில் பாதியை அது பிடித்துக்கொள்ள, மீதியில் ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் நானும். முதல் பதிவைப் போட்டுக் கேட்டபோது யாரோ தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. மைக்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, விலை கூடிய ஒரு ஜோடி வாங்கினேன். தகர டப்பா இன்னும் துல்லியமாகக் கேட்டது.

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை மைக்கை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. தினமும் வாசிக்கிற பியானோவின் கோளாறுகள் நம் காதுக்குப் பழகிப்போயிருக்கும். மைக்குக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

முதலில் சுருதி. "போன தீபாவளிக்குத்தானே டியூன் பண்ணினோம்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. ஒரு கிராண்ட் பியானோவில் சுமார் 230 கம்பிகள். நடுவிலும் மேலேயும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். அதில் ஒன்று இம்மி விலகினாலும் அந்த ஸ்வரம் அலையடிக்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது அது அறையோடு கலந்து கரைந்துவிடும். மூன்றடியில் நிற்கும் மைக்கில் கரையாது.

டியூனரைக் கூப்பிட்டால் மட்டும் போதாது, அவர் எந்தக் காற்றில் வேலை செய்கிறார் என்பதும் முக்கியம். சவுண்ட்போர்டு என்பது மெல்லிய ஸ்ப்ரூஸ் மரப் பலகை. காற்றில் ஈரம் ஏறினால் அது உப்பிக் கம்பிகளை மேலே தள்ளும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடந்தாலாவது பரவாயில்லை; நடு ஸ்தாயியில்தான் அதிகம். நான் முதல் தடவை செய்தது இதுதான்: டியூனர் வந்தபோது ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டிருந்தேன். பதிவு அன்று காலையிலிருந்து ஏசி. மதியத்துக்குள் அவர் சேர்த்துவிட்டுப் போனதெல்லாம் வீண். இப்போது பதிவுக்கு இரண்டு நாள் முன்பே ஏசியை ஒரே அளவில் ஓடவிட்டு, அந்தக் காற்றிலேயே டியூன் செய்யச் சொல்கிறேன். டேக் எடுக்கும் இருபது நிமிடம் மட்டும் அணைப்பேன், அப்புறம் மறுபடி போட்டுவிடுவேன்.

இன்னொரு ஆசை, பியானோவை ஒரே நாளில் 440-க்கு (நடு A ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற இன்றைய பொதுச் சுருதிக்கு) ஏற்றிவிடுவது. பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்த பியானோ 435-இலோ அதற்கும் கீழேயோ நிற்கும். இரண்டுக்கும் இடைவெளி அரைஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் 15 முதல் 20 டன் வரும். துருப்பிடித்த கம்பியை அவசரமாக இழுத்தால் அறும்; அறாவிட்டாலும் சில நாளில் இறங்கிவிடும். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சில வார இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாக ஏற்றச் சொல்லுங்கள். பியானோ மட்டும்தான் என்றால் ஏற்றவே வேண்டாம், தனக்குள் சேர்ந்திருந்தால் போதும். கூடவே கீபோர்டு டிராக் வருகிறதா? அதை 435-க்கு இறக்குவது ஒரு நிமிட வேலை.

அடுத்தது கிணுகிணுப்பு. ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தை அழுத்தினால் மட்டும் "ஙீ" என்று ஒரு சத்தம் வந்தது. சவுண்ட்போர்டில்தான் விரிசல் என்று பயந்துபோய், டார்ச் அடித்து உள்ளே தேடினேன். ஒரு ஹேர்பின், இரண்டு பழைய நாலணாக்கள், ஒரு பென்சில் துண்டு கிடைத்தன. எடுத்தும் சத்தம் போகவில்லை. மூடியின் கீல், நோட்டு வைக்கும் பலகை, பெடலின் பித்தளைக் கம்பி என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தோம். கடைசியில், நான் அதே கட்டையைத் தட்டிக்கொண்டிருக்க, என் தங்கை அறையைச் சுற்றி நடந்து கண்டுபிடித்தாள். மூலையில் நின்ற குத்துவிளக்கின் உச்சியில் உள்ள அன்னத்தின் திருகு தளர்ந்திருந்தது! இரண்டு மணி நேரத் தேடல், அரைச் சுற்றுத் திருப்பலில் முடிந்தது. அதனால் பதிவுக்கு முன் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தமாக வாசியுங்கள், இன்னொருவர் அறையில் உள்ள கண்ணாடி, போட்டோ ஃபிரேம், ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே வரட்டும். சவுண்ட்போர்டில் விரிசல் இருந்தாலும் உடனே கலங்க வேண்டாம். அடியில் ஒட்டிய சட்டங்கள் பிடிப்போடு இருந்தால் விரிசல் பெரும்பாலும் சத்தமே போடாது.

பெடல் கிரீச்சிட்டால் மிஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடாதீர்கள். எண்ணெய் மரத்திலும் ஃபெல்ட்டிலும் ஊறினால் ஒன்றுக்கு நாலு செலவு வைக்கும். சுத்தியல்களின் ஃபெல்ட் கல்லாகிச் சத்தம் கூர்மையாக இருந்தால் ஊசியால் குத்தி மிருதுவாக்க வழி உண்டு. ஆனால் அது டெக்னீஷியன் கை படவேண்டிய வேலை.

அறைக்கு வருவோம். முட்டை அட்டையைச் சுவரெங்கும் ஒட்டும் வழக்கம் ஏன் சாகமாட்டேன் என்கிறது என்று தெரியவில்லை. அது உச்ச ஒலிகளில் கொஞ்சத்தை விழுங்கும், மற்றபடி ஒன்றும் செய்யாது. இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பக்கத்துச் சுவர்களில் சாய்த்து வைத்தால் அதைவிடப் பல மடங்கு பலன். துணி நிறைந்த பீரோ இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள். பியானோவுக்கு அடியில் ஒரு கனத்த விரிப்பு.

மைக் வைப்பதில் பரவலான தவறு, மூடிக்கு நெருக்கமாக உள்ளே செருகுவது. மூடிக்கு 17 சென்டிமீட்டர் கீழே ஒரு மைக் இருக்கிறது என்று வையுங்கள். கம்பியிலிருந்து நேரே வரும் ஒலிக்கும், மூடியில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் சுமார் 34 சென்டிமீட்டர் வித்தியாசம்; நேரத்தில் ஒரு மில்லி செகண்ட். இரண்டும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். என் தகர டப்பாவின் ரகசியம் அதுதான். தாழ்வான கூரைக்கு அருகில் மைக்கை உயர்த்தினாலும் இதே கதை.

ஒரு மைக் மேல் ஸ்தாயிக்கு, ஒன்று கீழ் ஸ்தாயிக்கு என்று கம்பிகளுக்கு மேல் பிரித்து வைப்பது ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும். போனில் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் நடுப்பகுதி காணாமல் போகும். அதனால் வைக்கும்போதே மோனோவில், அதாவது இரண்டு மைக்கின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, கேட்டுவிடுங்கள். குழிவாகக் கேட்டால் ஒரு மைக்கை இரண்டு மூன்று அங்குலம் நகர்த்தினாலே மாறிவிடும். "மூன்றுக்கு ஒன்று" என்ற தூர விதியைப் பலர் சொல்வார்கள்: ஒலி வரும் இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு, மைக்குகளுக்கு நடுவே இருக்க வேண்டும் என்று. முழுப் பலகையும் ஒலிக்கிற பியானோவில் அதை நான் பெரிதாக நம்புவதில்லை.

நான் கடைசியில் வந்து நின்ற இடம்: பியானோவின் வளைவுக்கு வெளியே மூன்றடி தள்ளி, திறந்த மூடியின் நடு உயரத்தில், இரண்டு கார்டியாய்ட் (முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும்) மைக்குகள், இடையே 17 சென்டிமீட்டர், கோணம் 110 டிகிரி. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த இந்த ஓஆர்டிஎஃப் முறை சின்ன அறையிலும் மோனோவிலும் அதிகம் ஏமாற்றுவதில்லை. பழைய பியானோவில் சுத்தியல் பொறிமுறை கடகடக்கும் என்பதால், மைக்கைச் சுத்தியல்களிடமிருந்து விலக்கி வால் பக்கம் கொஞ்சம் திருப்பினால் அந்தச் சத்தம் தணியும்.

கெய்ன், அதாவது மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்கிப் பதிவது என்ற அளவு, சின்ன விஷயம். சூடுபிடிக்க மெதுவாக வாசிக்கும்போது அளவை வைத்துவிட்டு, உச்சகட்டத்தில் ஒலி உடைவதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். உருப்படியின் மிகப் பலமான இடத்தை முதலில் வாசித்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்யும்போது அதற்கு மேல் தள்ள அவசியமே இல்லை.

எதை வாசிப்பது என்பதிலும் தவறு உண்டு. ஐந்தே முக்கால் அடிப் பியானோவின் கீழ்க்கம்பி ஒன்பது அடிக் கச்சேரிப் பியானோவின் கம்பி ஆகாது; ஈக்யூவில் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) பாஸை ஏற்றினால் உறுமல்தான் கூடும், நீளம் கூடாது. 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் ஒபேரா அரங்கில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்குக் கிடைத்தது மேலே மெலிந்த, கீழே வலுவில்லாத, பெடல் சரியில்லாத சின்னப் பியானோ. அவர் நடு ஸ்தாயியிலேயே பெரும்பாலும் சுற்றி, இடது கையில் திரும்பத் திரும்ப வரும் உருக்களை வைத்துக்கொண்டு வாசித்தார். உங்கள் பியானோவில் எந்த ஸ்தாயி இனிக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற உருப்படியை எடுங்கள்.

வாசிக்கும்போது வளையல், மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். வெறுங்காலோடு பெடலை மிதியுங்கள். ஸ்டூலின் திருகுகளை இறுக்குங்கள்; பியானோ மேதை கிளென் கூல்டின் நாற்காலி கிரீச்சிடுவதை ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள், நம்முடையதைப் பொறுக்கமாட்டார்கள். ட்யூப்லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் மூன்றையும் அணைத்து, அறையின் மௌனத்தை மட்டும் அரை நிமிடம் பதிந்து வையுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அது கைகொடுக்கும்.

கடைசி ஸ்வரத்துக்குப் பிறகு கையை எடுத்தாலும் பெடலை விடாதீர்கள். நான் இருபது வரை எண்ணுவேன். இரைச்சல் நீக்கும் மென்பொருளை அழுத்திப் போட்டால் முதலில் பலியாவது இந்தக் கடைசி நீட்டம்தான். ஒரு பதிவில் ஸ்வரம் அடங்கும் நேரம் பார்த்துத் தூரத்தில் ஒரு காகம் கரைந்தது. எடுக்கப் பார்த்தேன். காகத்தோடு ஸ்வரத்தின் வாலும் போய்விட்டது. காகத்தைத் திரும்ப வைத்துவிட்டேன்.