வேட்பாளர் வாய்தவறும்போது செய்தியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் ஒரே நாளில் பல ஊர்களில் பேசுகிறார். பிரசார வேனில் நின்றபடி, தொண்டை கட்டிய குரலில், சரியான தூக்கமில்லாமல். கூட்டணிக் கட்சியின் சின்னம் மாறிப்போகும், பழமொழி தலைகீழாகும், ஊர்ப்பெயர் குழம்பும். அதே வாயிலிருந்துதான் பொய்க் கணக்கும் வரும், ஒரு பெண்ணையோ சமூகத்தையோ இழிவுபடுத்தும் பேச்சும் வரும். இத்தனையையும் ‘சர்ச்சைப் பேச்சு’ என்ற ஒரே தலைப்பில் அடைப்பதுதான் செய்தி அறைகள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

நாக்குப் பிசகு, மறதி, தகவல் பிழை, நினைத்ததை அப்படியே கொட்டிவிடுவது, வசவு என்று ஐந்தாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. நாக்குப் பிசகைப் பேசியவரே அடுத்த வாக்கியத்தில் திருத்திக்கொண்டால் அது செய்தியே இல்லை. தகவல் பிழை என்றால் சரியான தகவலும் அதே செய்தியில், முதல் இரண்டு பத்திகளுக்குள் வர வேண்டும். நினைத்ததைக் கொட்டிய பேச்சு என்றால், அவர் இதற்கு முன் அதே விஷயத்தில் என்ன பேசினார், சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ எப்படி வாக்களித்தார் என்று தேடிப் பார்க்காமல் எழுதக்கூடாது. வசவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

வகை பிரிக்காததால் என்ன ஆகிறது என்பதற்கு அப்போதைய டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2011 நவம்பர் 9 அன்று அமெரிக்காவின் மிச்சிகனில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களின் விவாதம் நடந்தது. தான் அதிபரானால் மூன்று மத்தியத் துறைகளை இழுத்து மூடுவேன் என்றார் பெர்ரி. வணிகம், கல்வி என்று இரண்டைச் சொன்னார். மூன்றாவது நினைவுக்கு வரவில்லை. விரலை மடக்கினார், பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார், ஏறக்குறைய ஒரு நிமிடம் தடுமாறிவிட்டு, ‘ஊப்ஸ்’ என்று முடித்தார். அந்த ஒரு நிமிடம் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் நாள்கணக்கில் ஓடியது.

அவர் மறந்தது எரிசக்தித் துறை. அமெரிக்காவின் அணு ஆயுதக் கையிருப்பைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தத் துறையிடம்தான் இருக்கிறது. ‘துறையை மூடினால் அந்த வேலையை யார் செய்வது?’ என்பதுதான் அன்றிரவு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சிரிப்புச் சத்தத்தில் அந்தக் கேள்வி அமுங்கிப்போனது. பின்னர் டிரம்ப் பெர்ரியையே அந்தத் துறைக்கு அமைச்சராக நியமித்தார். 2017 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் குழு முன் அமர்ந்த பெர்ரி, துறையின் முக்கியப் பணிகளைப் பற்றி விளக்கம் பெற்றபின் அதை மூடச் சொன்னதற்காக வருந்துவதாகச் சொன்னார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தியாளர் வெளிக்கொண்டு வந்திருக்க வேண்டிய பதில் இது. மறதி எந்த மனிதனுக்கும் வரும். மூடச் சொன்ன துறை என்ன செய்கிறது என்றே தெரியாமல் மூடச் சொன்னதுதான் வாக்காளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 2012 ஆகஸ்டில் மிசௌரி மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்ட டாட் ஏகின், வல்லுறவுக்கு ஆளான பெண்ணின் உடல் கருத்தரிப்பைத் தானாகவே தடுத்துவிடும் என்ற பொருளில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். பிறகு வாய்தவறிவிட்டது என்று விளக்கம் கொடுத்தார். அது வாய்தவறல் ஆகாது. மருத்துவரீதியாகப் பொய்யான ஒரு கருத்து அது, கருக்கலைப்புச் சட்டம் பற்றிய கேள்விக்குப் பதிலாக வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வேட்பாளர் தரும் ‘வாய்தவறல்’ என்ற பெயரையே தலைப்பில் எடுத்துப் போட்டால், அவர் தப்பிக்க நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.

வெட்டும் இடம்

ஒரு பேச்சிலிருந்து க்ளிப் எடுக்கும்போது எங்கே தொடங்கி எங்கே நிறுத்துகிறோம் என்பதே அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது. 2012 ஜனவரி 9, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூ ஹாம்ப்ஷயர் வாக்கெடுப்புக்கு முந்தைய நாள். போட்டியாளர்களில் ஒருவரான மிட் ராம்னி மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசினார். காப்பீட்டு நிறுவனத்தின் சேவை பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றும் உரிமை மக்களுக்கு வேண்டும் என்றவர், தனக்குச் சேவை செய்பவர்களை வேலையைவிட்டு அனுப்ப முடிவது தனக்குப் பிடிக்கும் என்றார். பின்பாதியில் ‘தனக்குச் சேவை செய்பவர்களை’ என்பது போய், ‘ஆட்களை வேலையைவிட்டு அனுப்பப் பிடிக்கும்’ என்பது மட்டும் நின்றது. ஏற்கெனவே நிறுவனங்களை வாங்கி விற்கும் பெரும் பணக்காரர் என்ற பெயர் அவருக்கு இருந்ததால், வெட்டிய துண்டு அந்தப் பெயரோடு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

அதே ஆண்டு ஜூலை 13 அன்று வர்ஜீனியாவின் ரோனோக்கில் அதிபர் ஒபாமாவுக்கும் இதே கதி. சாலைகளையும் பாலங்களையும் யாரோ முதலீடு செய்து கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், தொழில் நடத்துகிறவர்களைப் பார்த்து ‘அதை நீங்கள் கட்டவில்லை’ என்றார். ‘அதை’ என்பது எதைக் குறிக்கிறது என்பதற்கான விடை முந்தைய வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டால் உழைத்து முன்னேறிய சிறு வியாபாரியை அவர் அவமதித்ததாகத் தோன்றும். எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி தன் மாநாட்டில் ஒரு நாள் முழுவதையும் அந்தத் துண்டைச் சுற்றியே அமைத்தது.

இதிலிருந்து செய்திகளைத் திருத்தி வெளியிடும் டெஸ்க்கில் வைத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் எளிது. சர்ச்சையான வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது அரை நிமிடம் கேட்காமல் எதையும் வெட்டக் கூடாது. ‘அது’, ‘அவர்கள்’, ‘இப்படி’ என்று சுட்டுச்சொல்லில் தொடங்கும் வாக்கியமாக இருந்தால், அந்தச் சொல் சுட்டும் வாக்கியமும் க்ளிப்புக்குள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த துண்டு என்றால் முழு உரை கிடைக்கும்வரை வெளியிடாதீர்கள். கட்சியின் ஃபேஸ்புக் நேரலையிலோ உள்ளூர் கேபிள் பதிவிலோ முழு உரை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

எழுத்துச் செய்தியில் வெட்டுவதைவிட ஆபத்தானது பேசியதை நம் சொல்லில் மாற்றிச் சொல்வது. 1999 மார்ச்சில் சிஎன்என் பேட்டியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர், நாடாளுமன்றத்தில் பணியாற்றிய காலத்தில் இணையத்தை உருவாக்குவதில் தான் முன்முயற்சி எடுத்ததாகச் சொன்னார். கொஞ்சம் மிகையான பேச்சுதான். ஆனால் 1991-ம் ஆண்டின் உயர்திறன் கணினிச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர் என்பது உண்மை. இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வடிவமைத்த விண்ட் செர்ஃபும் பாப் கானும் பின்னர் அவருக்காகப் பேசினார்கள். அதற்குள் ‘இணையத்தை நான் கண்டுபிடித்தேன் என்றார் கோர்’ என்று எழுதி எழுதி, அவர் சொல்லாததே அவர் சொன்னதாக நிலைத்துவிட்டது. சர்ச்சைக்குரிய வாக்கியம் என்றால் மேற்கோள் குறிக்குள் அவர் வாயில் வந்த சொற்கள் மட்டுமே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் மேடையில் நிற்கும் கூட்டங்களில் இன்னும் கவனம் தேவை. வடக்கிலிருந்து வரும் தலைவர் பேச, உள்ளூர்த் தலைவர் வரிக்குவரி தமிழில் சொல்வது நமக்குப் பழகிய காட்சி. அங்கே பிழை யார் வாயில் வந்தது என்று பிரித்து எழுதாமல் தலைவர் பெயரில் தலைப்பிடுவது நேர்மையற்றது. மூலமொழி தெரிந்த ஒருவர் பதிவைக் கேட்டபிறகே செய்தி போக வேண்டும்.

ஒலி ஏமாற்றும்

2004 ஜனவரி 19 இரவு, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் அயோவா மாநிலத்தில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட ஹோவர்ட் டீன் தன் தொண்டர்களை உற்சாகப்படுத்த மேடையேறினார். மாநிலங்களின் பெயரை வரிசையாக அடுக்கி, கடைசியில் தொண்டை கிழிய ஒரு கூச்சல் போட்டார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, அமைதியான அரங்கில் ஒருவர் நிதானமிழந்து கத்துவதாகத் தெரிந்தது. அரங்கில் இருந்தவர்களுக்கோ அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. கூட்டம் அவ்வளவு இரைச்சல்.

காரணம் மைக். அவர் கையில் இருந்தது சுற்றுப்புற இரைச்சலைக் குறைத்து வாயருகே உள்ள ஒலியை மட்டும் எடுக்கும் வகை. சேனல்கள் எடுத்துக்கொண்டதும் அந்த மைக்கின் ஒலியைத்தான். கூட்டத்தின் ஆர்ப்பரிப்பு ஒளிபரப்பில் கரைந்துபோக, கூச்சல் மட்டும் எஞ்சியது. நான்கு நாட்களில் அமெரிக்கச் சேனல்கள் அதை 633 முறை ஒளிபரப்பியதாக அப்போது கணக்கிடப்பட்டது. பிறகு கூட்டத்திலிருந்து எடுத்த பதிவுகளை வைத்து ஏபிசி தொலைக்காட்சி ஒரு விளக்கச் செய்தி போட்டது. அதற்குள் டீனைப் பற்றிய முடிவுக்கு நாடு வந்துவிட்டிருந்தது. கூச்சலால் தோற்றார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அயோவாவில் தோற்றது கூச்சலுக்கு முன்பு என்பதைக் கூடவே எழுத வேண்டும்.

நம் ஊர்க் கூட்டங்களிலும் ஒலிபெருக்கிக்காரரிடமிருந்து நேராக வயர் எடுக்கும்போது இதே நிலைதான். கேமராவில் இரண்டு ஒலித்தடங்கள் உண்டு. ஒன்றில் மேடை மைக், மற்றொன்றில் கேமராவின் சொந்த மைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏன் அந்தக் குரலில் பேசினார் என்று தெரிய இரண்டாவது தடம் வேண்டும்.

தீர்ப்பு எழுதும் அவசரம்

1976 அக்டோபர் 6 அன்று எதிர் வேட்பாளர் கார்ட்டருடன் நடந்த விவாதத்தில் அமெரிக்க அதிபர் ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார். அப்போது அந்நாடுகளில் பல சோவியத்தின் பிடியில்தான் இருந்தன. நியூயார்க் டைம்ஸின் மாக்ஸ் ஃபிராங்கல் நம்பமுடியாமல் மறுபடி கேட்டு, திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார். ஃபோர்டு யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று பட்டியல் போட்டு இன்னும் ஆழமாக இறங்கினார். அந்த மறுகேள்வி இதழியலின் நல்ல தருணம்: பிசகா, நம்பிக்கையா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. விவாதம் முடிந்த கையோடு கருத்துக் கேட்கப்பட்டவர்களில் ஃபோர்டே முன்னணியில் இருந்தார். ‘ஃபோர்டு பெரும்பிழை செய்துவிட்டார்’ என்று மறுநாள் முழுக்கச் செய்திகள் ஓடியபின் கேட்டபோது கார்ட்டர் பெரும் வித்தியாசத்தில் வென்றதாகச் சொன்னார்கள். பிழையைச் சுட்டிக்காட்டுவது செய்தியாளரின் கடமை. ‘இதனால் அவர் தோற்பார்’ என்பது ஊகம், செய்தியில் அதற்கு இடம் கிடையாது. ‘நெட்டிசன்கள் கொந்தளிப்பு’ என்று நான்கு பதிவுகளை ஒட்டிப் போடுவதும் இந்த வகைதான்.

வசவை நாமே பரப்புவது

2021 சட்டமன்றத் தேர்தலின்போது அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் தாயார் குறித்து ஆ.ராசா பேசியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. தேர்தல் ஆணையம் அவரை 48 மணி நேரம் பிரசாரம் செய்யத் தடைவிதித்து, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் நீக்கியது. ஆணையம் செய்ததைச் சொல்ல அந்த வாசகத்தை மறுபடி சொல்லத் தேவையே இல்லை. ஆனால் இதுபோன்ற நேரங்களில் வசவு தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் ஸ்க்ரோலிலும் ஏறுகிறது. அரசியலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண்ணை மேடையில் ஒருவர் ஒருமுறை அவமதித்தால், நாம் ஆயிரம் முறை அவமதிக்கிறோம். வசவு என்ன வகை, யாரைப் பற்றி, எந்த இடத்தில் என்று சொன்னால் போதும். சொற்கள் அவசியம் என்று ஆசிரியர் முடிவெடுத்தால் உள்ளே, ஒரே ஒருமுறை.

உச்சரிப்பு, வட்டார வழக்கு, திக்கல் ஆகியவற்றைக் கேலிசெய்வதும் இங்கே சேரும். ஜோ பைடனுக்குச் சிறுவயதிலிருந்து திக்குவாய் உண்டு என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ழகரம் வராத வேட்பாளரின் தொகுதியில் குடிநீர் வருகிறதா என்று கேளுங்கள்.

வேட்பாளர் தரப்புக்கு

சட்டையில் குத்தும் வயரில்லாத ரேடியோ மைக்கை நம்பாதீர்கள். 2010 ஏப்ரல் 28 அன்று பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் ராச்டேலில் ஒரு மூதாட்டியிடம் சிரித்துப் பேசிவிட்டுக் காரில் ஏறினார். ஸ்கை நியூஸின் சட்டை மைக் இன்னும் அவர் மேல்தான் இருந்தது. அந்தப் பெண்மணியைக் குறுகிய மனம் கொண்டவர் என்று உதவியாளரிடம் சொன்னது பதிவாகிவிட்டது. அன்றே ஒரு வானொலிப் பேட்டியில் அதை அவருக்கே போட்டுக் காட்டினார்கள். தலையைக் கையில் தாங்கி அவர் கேட்பதை அங்கிருந்த கேமரா எடுத்தது. மைக்கைக் கழற்றுவது, இடுப்பில் உள்ள டிரான்ஸ்மிட்டரை அணைப்பது இரண்டையும் பார்க்க ஒரு ஆளை நியமியுங்கள். கார்க்கதவு மூடும் முன் அது நடக்க வேண்டும்.

பிழை நேர்ந்துவிட்டால் விளக்கத்தை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். 2006-ல் வர்ஜீனியா செனட்டர் ஜார்ஜ் ஆலன், தன்னைப் படமெடுத்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞரை, குரங்கினத்தைக் குறிக்கும் ‘மக்காக்கா’ என்ற சொல்லால் அழைத்தார். பிறகு சிகையலங்காரத்தைச் சொன்னேன் என்றும், அர்த்தமே இல்லாத சொல் என்றும் வந்த விளக்கங்கள் ஒவ்வொன்றும் அடுத்த நாள் செய்தியானது. பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று நிபந்தனையோடு தொடங்கும் மன்னிப்பும் அப்படித்தான் ஆகும். சொன்னது இன்னது, தவறு, இன்னாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மூன்று வாக்கியம், அன்றே. முழு வீடியோ வெளியில் இருக்கும்போது ‘திரித்துவிட்டார்கள்’ என்று சொல்லாதீர்கள். உண்மையிலேயே திரித்திருந்தால் முழு உரையை நேரக்குறிப்போடு நீங்களே வெளியிடுங்கள்.

ஊடகம் தவறாக வெட்டிவிட்டது என்று தெரியவந்தால் திருத்தத்தை அதே அளவு கண்ணில் படும்படி போட வேண்டும். யூடியூபில் தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்றிவிட்டு விளக்கத்தில் ஒரு வரி சேர்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஷார்ட்ஸ், ரீல்ஸ் என்று தனியாக ஏற்றிய துண்டுகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். எங்கெங்கே ஏற்றினோம் என்ற பட்டியல் டெஸ்க்கில் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, முழுச் சூழலோடு புதிய க்ளிப்பை அதே பக்கங்களில் ஏற்றி, மேலே பின் செய்து வைக்கலாம்.