ஐக்கிய ரஷ்யா போன்ற கட்சிகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'கம்யூனிஸ்ட் கட்சி போனது, அதே ஆட்கள் வேறு பெயரில் வந்துவிட்டார்கள்.' சோவியத் யூனியன் உடைந்து உருவான நாடுகளைப் பற்றி இப்படித்தான் பேச்சு தொடங்கும். ரஷ்யாவுக்கு இது பொருந்தாது. 1999 தேர்தலில் முட்டிமோதிய இரண்டு அணிகளை ஒன்றாகச் சேர்த்து, 2001 டிசம்பரில் உருவாக்கியதுதான் ஆளுங்கட்சியான ஐக்கிய ரஷ்யா. பழைய கம்யூனிஸ்ட் கட்சியின் வாரிசு எதிர்வரிசையில் இருக்கிறது. 2021இல் சுமார் 19 சதவீத வாக்கோடு இரண்டாம் இடம். அது எவ்வளவு தூரம் நிஜமான எதிர்க்கட்சி என்பது வேறு கதை.

இதைவிடப் பெரிய தவறு, ஆட்சியைக் கட்சி நடத்துகிறது என்று நினைப்பது. சோவியத் காலத்தில் அது சரி. கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ முடிவெடுக்கும், அமைச்சகங்கள் செய்து முடிக்கும். இப்போது தலைகீழ். முடிவு அதிபர் மாளிகையில், கை தூக்குவது மட்டும் நாடாளுமன்றக் கீழவையான டூமாவில். புதின் இந்தக் கட்சியின் உறுப்பினரே அல்ல. 2008 முதல் 2012 வரை கட்சித் தலைவராக இருந்தபோதும் அவர் உறுப்பினராகச் சேரவில்லை. 2018, 2024 அதிபர் தேர்தல்களில் சுயேச்சையாகவே நின்றார்.

இப்படி எட்டி நிற்பதில் என்ன லாபம் என்பதை 2018இல் பார்க்கலாம். ஓய்வு பெறும் வயதை ஆண்களுக்கு 60இலிருந்து 65ஆகவும், பெண்களுக்கு 55இலிருந்து 63ஆகவும் உயர்த்த அரசு மசோதா கொண்டுவந்தது. ஊரே கொதித்தது. பெண்களுக்கு 60 போதும் என்று தொலைக்காட்சியில் தோன்றி இறக்கியவர் புதின். மசோதாவுக்கு ஓட்டுப் போட்டது கட்சி. புதினின் செல்வாக்கும் சரிந்தது என்பது உண்மை. ஆனால் தேர்தலில் அடி விழுந்தது கட்சிக்குத்தான். அந்த இலையுதிர் காலத்திலேயே கபரோவ்ஸ்க், விளாதிமிர் பிராந்தியங்களில் அதன் ஆளுநர்கள் தோற்றார்கள்.

அடுத்தது, இடங்களின் எண்ணிக்கையை மக்கள் ஆதரவாக எடுத்துக்கொள்வது. டூமா தேர்தலில் ஐக்கிய ரஷ்யாவுக்கு 2011இல் ஏறக்குறைய 49 சதவீத வாக்கு, 450இல் 238 இடம். 2021இல் ஏறக்குறைய 50 சதவீதம், ஆனால் 324 இடம்! இடையில் தேர்தல் முறையை மாற்றி, பாதி இடங்களைத் தனித்தொகுதிகள் ஆக்கிவிட்டார்கள். எதிர் ஓட்டு சிதறும் இடத்தில் முதலில் வருபவருக்கே தொகுதி. 'எல்லாம் கள்ள ஓட்டு' என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். முறைகேடு இல்லை என்று சொல்லவரவில்லை. 2021இல் மாஸ்கோவின் சில தொகுதிகளில் முன்னணியில் இருந்த எதிர்க்கட்சி வேட்பாளர்கள், இணைய வாக்குகளைச் சேர்த்ததும் பின்னுக்குப் போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

இத்தனை பலமான கட்சியை அசைக்க முடியாது என்பதும் தப்புக் கணக்கே. ஆர்மீனியாவின் குடியரசுக் கட்சி 2017இல் 49 சதவீதம் வாங்கியது. 2018 ஏப்ரலில் தெருப் போராட்டத்தால் அதன் தலைவரும் பிரதமருமான செர்ஜ் சர்க்சியான் பதவி விலகினார். அதே டிசம்பரில் கட்சி 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு இடமும் இல்லை. பதவி போனதும் கூட்டமும் கலைந்துவிட்டது. கஜகஸ்தானில் 2022 ஜனவரிக் கலவரத்துக்குப் பிறகு, அதிபர் டோகாயேவ் ஆளுங்கட்சியின் தலைமைக்கு வந்தார், நூர் ஒத்தான் என்ற பெயரை அமானத் என்று மாற்றினார், சில மாதங்களில் கட்சியை விட்டே விலகினார். அதிபர் பதவி மட்டும் அவரிடமே இருந்தது.

அப்புறம் ஹங்கேரி. ஃபிடெஸையும் இதே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அது 1988இல் கம்யூனிச ஆட்சிக்கு எதிராக இளைஞர்கள் தொடங்கிய கட்சி. ஆட்சிக்கு வருவதும் தோற்பதுமாக, தனக்கென்று வாக்காளர்களைச் சேர்த்து வளர்ந்தது. அரசு உருவாக்கிய கட்சி அல்ல. 2010இல் சுமார் 53 சதவீத வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்து, அரசியல் சாசனத்தையும் தேர்தல் சட்டத்தையும் திருத்தி எழுதிக்கொண்டது. 2014இல் வாக்கு 45 சதவீதத்துக்கு இறங்கியும், 199இல் 133 இடம் கிடைத்தது.